மூன்று பாகம் கயிறு

என் அறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தேங்காய்நார் வடம் ஒன்று சுருட்டித் தொங்குகிறது. கட்டை விரலை விடத் தடிமன். தொட்டால் நார் உதிரும். சேலம் அஸ்தம்பட்டிக்குக் குடிவந்த நாளிலிருந்து மருமகள் அதைக் குப்பையில் போடச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கொடி கட்டவும் உதவாத கயிறு எதற்கு என்கிறாள். அவள் கேட்பது நியாயம்தான். ஆனால் பதில் சொல்ல ஆரம்பித்தால் சுக்கான்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுக்குச் சற்று முந்தைய வருஷங்கள். மோகனூருக்கு மேற்கே காவிரிக் கரையில் ஒரு சிற்றூரின் பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் வேலை. அந்தத் துறையில் வண்டியும் மாடும் ஏற்றுகிற பெரிய படகு ஒன்று இருந்தது. துறைக் குத்தகைக்காரர் செத்துப்போக, படகு யாருக்கு என்று அவருடைய மகன்கள் இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். தீர்ப்பாகும் வரை யாரும் அதை ஓட்டக்கூடாது என்று உத்தரவு. கரையேற்றினால் பலகை காய்ந்து வெடித்துவிடும். அதனால் சேலத்துப் பக்கமிருந்து வரும் ஓடை காவிரியில் விழுகிற மடுவில், கரைக்குக் கொஞ்சம் தள்ளி, நங்கூரம் போட்டு நிறுத்திவைத்தார்கள். மூன்று வருஷம் நின்றது.

அந்தப் படகுக்குச் சுக்கான் பிடித்தவரைத்தான் சுக்கான்காரர் என்கிறேன். அவரும், அவர் மனைவியின் தம்பியும், துடுப்பு வலிக்கிற, இருமல் ஓயாத ஒரு கிழத் தண்டுக்காரரும்தான் படகாட்கள். படகு எப்படியும் ஓடும், அப்போது தங்களை விட்டால் ஆளில்லை என்று நம்பி ஊரை விட்டுப் போகாமல் கிடந்தார்கள். கடலைக்காட்டில் கூலிக்குப் போவார்கள். கூலி இல்லாத நாளில் ஒருவேளைக் களி. ஆனால் மத்தியானம் ஆனால் கரைப் புளியமரத்தடியில் கூடிவிடுவார்கள். அப்புறம் அந்தப் படகைப் படுத்துகிற பாடு இருக்கிறதே!

"ஏனுங் மாமா, நங்கூரம் வேர் உட்டிருக்குமுங்களா?" என்பான் தம்பிக்காரன்.

"வேரா? காய் காச்சு ரெண்டு வருசமாச்சு மாப்ளே. நீதான் பறிக்கல."

படகு எப்போது புறப்படும் என்று விவரம் தெரியாத வெளியூர்க்காரர் யாராவது கேட்டுவிட்டால் போதும். "ஏறி உக்காருங்க சாமி, உங்க பேரனுக்குக் காது குத்தறதுக்குள்ள அக்கரை சேத்திருவோம்" என்பார் தண்டுக்காரர், இருமலுக்கு நடுவே. கொஞ்ச நேரம் பேசிவிட்டுத் தம்பிக்காரன் படகுக்குப் போய்க் காவலுக்குப் படுத்துவிடுவான். மத்தியானத் தூக்கம் கலைந்ததும் எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூவுவான்: "கெளம்பிருச்சுங்க மாமா, படகு கெளம்பிருச்சு!" சுக்கான்காரர் தலையைத் திருப்பாமலே பதில் கொடுப்பார்: "எனக்கொரு எடம் புடிச்சு வை மாப்ளே!" தினமும் இதுதான். தினமும் சிரித்தோம். பள்ளி இடைவேளையில் இதைக் கேட்பதற்கென்றே நான் போய் உட்காருவேன்.

மூன்றாம் வருஷக் கோடையில் பள்ளிக் கிணற்றில் தண்ணீர் அடியாழத்துக்கு இறங்கிவிட்டது. இருந்த கயிறு எட்டவில்லை. பிள்ளைகள் நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் புளியமரத்தடிக்குப் போய், நங்கூரக் கயிற்றில் மிச்சம் இருக்குமா என்று கேட்டேன். நானாகத்தான் கேட்டேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. இருபது பாகம் வடம் அது. ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். மடுவில் அப்போது ஒன்றரைப் பாகம் தண்ணீர்கூட இல்லை. மீதி வடம் படகின் மூக்குப் பக்கம், முன்னணியத்தில் சுருண்டு கிடந்தது.

சுக்கான்காரர் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். தம்பிக்காரன் முந்திக்கொண்டான். "குடுங்க மாமா. ஓடியா போயிரப் போவுது?" எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன். சுக்கான்காரரும் சிரித்துவிட்டு, "வாத்தியாரு கேட்டு இல்லீங்கறதா?" என்று எழுந்தார். நங்கூரத்தோடு மூன்று பாகத்தை விட்டுவிட்டு மீதியை அறுத்து என் தோளில் போட்டார்.

அந்த வருஷம் ஆடியிலும் காவிரி பெருகவில்லை. ஆவணியில் ஒரு நாள். எங்கள் பக்கம் ஒரு தூறல் இல்லை, வெயில் கொளுத்தியது. முந்தின நாள் சேர்வராயன் மலையில் கொட்டிய மழை ஓடையில் இறங்கி வந்துகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. வெயிலுக்கு முதுகைக் காட்டிப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். படகிலிருந்து குரல் வந்தது. "கெளம்பிருச்சுங்க மாமா! படகு கெளம்பிருச்சு!"

சுக்கான்காரர் தலையைத் திருப்பாமல் சொன்னார்: "எனக்கொரு எடம் புடிச்சு வை மாப்ளே!"

சிரித்தோம். ஐயோ, சிரித்தோம். இரண்டாவது முறையும் அவன் கூவினான், அதற்கும் சிரித்தோம். மூன்றாவது முறை "மாமா" என்பது மட்டும்தான் வந்தது. திரும்பிப் பார்த்தபோது மடு செம்மண் நிறத்தில் பொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏறுகிறது, படகு ஏற முடியவில்லை. குட்டைக் கயிறு மூக்கணாங்கயிறு போல அதன் முகத்தைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தது. தம்பிக்காரன் முன்னணியத்தில் மண்டியிட்டு இடுப்பில் செருகியிருந்த சூரிக்கத்தியால் வடத்தை அறுத்துக்கொண்டிருந்தான். அவன் நீந்தி வந்திருக்கலாம். படகை விட மனமில்லை. தண்ணீர் முன்னால் புகுந்தது, பின்பக்கம் மேலே தூக்கியது. அவ்வளவுதான். குதிக்கப் போன சுக்கான்காரரை நானும் தண்டுக்காரரும் கட்டிப் பிடித்துக்கொண்டோம். மறுநாள் கீழே நாணலில் உடல் கிடைத்தது.

கயிற்றை அறுத்தது சுக்கான்காரர் என்பது ஊருக்குத் தெரிந்தது. எதற்காக என்று அவர் சொல்லவில்லை. தண்டுக்காரரும் சொல்லவில்லை. சுக்கான்காரரின் மனைவி, "என் தம்பியக் கட்டிப் போட்டுக் கொன்னுட்டீங்களே" என்று தெருவில் நின்று கதறினாள். நான் அங்கேதான் நின்றேன். நான்தான் கேட்டு வாங்கினேன் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். கோழை. வேறு என்ன சொல்வது?

காரியம் முடிந்த மறுநாள் சுக்கான்காரர் பள்ளிக்கு வந்தார். "அந்தக் கயித்தக் கொஞ்சம் குடுங்க வாத்தியாரே" என்றார். அவிழ்த்துக் கொடுத்தேன். வேப்பமரத்தடியில் நின்று, கையை விரித்து விரித்து அளந்தார். மூன்று பாகம் வந்ததும் நிறுத்தி, அந்த இடத்தை விரலால் பிடித்துக்கொண்டார். "இத்தன உட்டிருந்தாப் போதுமுங்க. மூணே பாகம். படகு மெதந்திருக்கும்." திட்டுவார் என்று காத்திருந்தேன். கயிற்றைத் திரும்ப என் கையில் கொடுத்துவிட்டு, "புள்ளைங்க தண்ணி குடிக்கட்டுமுங்க" என்று போய்விட்டார். அதன் பிறகு அவர் பேசி நான் கேட்டதில்லை. அடுத்த வருஷம் மாற்றலாகிப் போகும்வரை, தினமும் காலையில் அந்தக் கயிற்றில்தான் தண்ணீர் இறைத்தேன். அவருடைய சாவுச் செய்தி மல்லசமுத்திரம் பள்ளியில் இருந்தபோது வந்தது. நான் போகவில்லை.

மாற்றலானபோது அந்தக் கயிற்றிலிருந்து மூன்று பாகம் மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டேன். இப்போது வீட்டுக்குள்ளேயே குழாயில் தண்ணீர் வருகிறது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இன்று காலையும் அளந்து பார்த்தேன். கிழவனுக்குத் தோள் முன்போல விரிவதில்லை. மூன்று பாகம் போக இன்னும் ஒரு முழம் மிச்சம் இருந்தது.