இருபத்திரண்டாம் வீட்டுக்காரி

பாயான் பாருவுக்கு நாங்கள் குடிவந்த இரண்டாவது வாரம், என் கைப்பேசியில் ஒரு வாட்ஸ்அப் குழு வந்து உட்கார்ந்திருந்தது. 'ஜிரான் நாலு' என்று பெயர். ஜிரான் என்றால் மலாயில் அக்கம்பக்கத்தார். வீடு வாங்கித் தந்த ஏஜென்ட் அம்மாவிடம், எங்கள் ரோட்டுக்கு ஏதாவது குழு இருந்தால் சேர்த்துவிடும்படி நான்தான் கேட்டிருந்தேன். அவர் யாரிடமோ சொல்லி, அவர் இன்னொருவரிடம் சொல்லி, சேர்த்தும் விட்டார்கள்.

அதற்கு முன் பதினாறு வருடம் கடலுக்கு அந்தப் பக்கம் ஜுருவில் வாடகை வீட்டில் இருந்தோம். கணவருக்கு அங்கே பழைய கார்கள் விற்கும் இடத்தில் வேலை. எனக்கு இந்தப் பக்கம், தொழிற்பேட்டையில், மின்பலகைகளைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கும் வேலை. பதினாறு வருடமும் கடற்பாலத்தைத் தினம் இரண்டு முறை கடந்தேன். ஜுருவில் பக்கத்து வீட்டுக்காரர் என்ன வேலை செய்கிறார் என்றுகூடத் தெரியாமல் காலி செய்துவிட்டு வந்தோம். புது வீட்டில் அப்படி இருக்கக் கூடாது என்று முடிவெடுத்திருந்தேன்.

குழுவின் தலைவி ஒரு மலாய்ப் பெண்மணி. எல்லாரும் அவரைக் 'காக்' என்றார்கள், அக்கா என்பதுபோல. 'வீட்டு எண் 22, வருக வருக' என்று எழுதியிருந்தார். அன்று மாலையே இன்னொரு செய்தி. மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை ரோட்டை அடைத்து ஒரு விருந்து. ஒவ்வொரு வீடும் ஒரு சாப்பாடு கொண்டுவர வேண்டும். விளையாட்டுகளுக்கு ஓர் ஆள் வேண்டும். படித்துவிட்டேன் என்று காட்ட நான் கட்டைவிரல் படத்தைப் போட்டேன்.

'நன்றி, 22! விளையாட்டுப் பொறுப்பு உங்களுடையது' என்று வந்தது. அதன் கீழே பதினெட்டுப் பேர் கைதட்டியிருந்தார்கள்.

அடுத்த வரிதான் என்னைக் குழப்பியது. 'உங்கள் மூன்று பிள்ளைகளுக்கும் எந்த விளையாட்டு பிடிக்கும் என்று கேளுங்கள், அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.'

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். மருத்துவம், கோயில், மறுபடி மருத்துவம் என்று அலைந்து, சில வருடங்களுக்கு முன்பு இருவருமாக அந்த அலைச்சலை நிறுத்திக்கொண்டோம். 'எனக்குப் பிள்ளைகள் இல்லை' என்று மலாயில் தட்டச்சு செய்தேன். அனுப்பும் முன் பார்த்தால் மேலே முப்பது செய்திகள் ஏறிவிட்டன. யாரோ பிரியாணிக்குப் பெயர் கொடுத்து, யாரோ கூடாரம் பற்றிக் கேட்டு. அந்த இடத்தில் என் வரி மட்டும் தனியாக வந்து நின்றால் எப்படியிருக்கும் என்று யோசித்து அழித்துவிட்டேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

மறு ஞாயிறு காலை, காய்கறிப் பசாருக்குப் பக்கத்துக் காப்பிக் கடையில் கூடினோம். காக்கும், நானும், அதே குழுவிலிருந்து ஒரு தமிழ் அக்காவும். அக்கா பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்துகிறவர். பேசுவதற்கு மூச்சு வாங்கத் தேவையில்லாதவர்.

"காசு எல்லாம் சாப்பாட்டுக்கே சரியா போயிரும்மா. விளையாட்டுக்கு சும்மா கெடைக்கிற சாமானா பாருங்க, ஓகேவா?" என்றார்.

நான் இரவெல்லாம் யோசித்து எழுதி வைத்திருந்த தாளை எடுத்தேன். பழைய பால்மாவு டின்களை அடுக்கி, சிலிப்பர் செருப்பை எறிந்து சாய்ப்பது. தண்ணீர் நிரப்பிய போத்தல்களை நிறுத்தித் தேங்காய் உருட்டி விழவைப்பது. சின்னவர்களைப் பாக்குமட்டையில் உட்காரவைத்து ரோட்டில் இழுத்துக்கொண்டு ஓடுவது. கண்ணைக் கட்டி, அடுப்படி டப்பாக்களை மோந்து சீரகமா சோம்பா என்று சொல்வது. பெரியவர்களுக்கு ஒன்று: எல்லாரும் ஒற்றைச் சிலிப்பரைக் குவியலில் போட வேண்டும், கைக்கு வந்த சிலிப்பருக்குச் சொந்தக்காரரைத் தேடிப் போய் அவர் எந்த வீடு, என்ன சமைப்பார் என்று கேட்டு வர வேண்டும். இந்தக் கடைசி விளையாட்டை எனக்காகவே கண்டுபிடித்தேன்.

காக்குக்கு எல்லாம் பிடித்தது. தேங்காய் மட்டும் ரோட்டுச் சரிவில் உருண்டு வடிகாலுக்குப் போய்விடும் என்றார். எந்தச் சரிவு என்று நான் கேட்குமுன் அக்கா குறுக்கிட்டார்.

"ஒங்க வீட்டு முன்னால மாமரத்தடியில வச்சுக்கலாம் லா. நெழலும் இருக்கு. நேத்து ஒங்க வூட்டுக்காரரு லோரியில சாமான் எறக்கிக்கிட்டு இருந்தாரு, பாத்தேன். புள்ளைங்க மூணும் நல்ல ஒத்தாசை."

நான் காப்பியைக் குடித்தேன். நேற்று முழுவதும் என் கணவர் ஜுருவில் இருந்தார். மாமரம் எதையும் நான் பார்த்ததில்லை. புதிதாக வந்தவள் நான். இருபது வருடமாக அங்கேயே இருப்பவர்களைத் திருத்துவதற்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவரைக் கேட்டேன். "நேத்து நம்ம வீட்டுக்கு லோரி ஏதாச்சும் வந்துச்சா?"

"எந்த லோரி?"

"நம்ம வீட்டு முன்னால மாமரம் இருக்கா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு எழுந்து போய் கேட்டைத் திறந்தார். ரோட்டோரம் முழங்கால் உயரத்துக்கு ஒரு மரத்தின் அடிக்கட்டை வெட்டுப்பட்டு நின்றது. "இதுவா இருக்குமோ? வெட்டிட்டாங்க போல. பழக்கத்துல சொல்லியிருப்பாங்க" என்றார்.

எனக்கு அது சரியாகப் பட்டது. ஆனால் சரிவு? தொழிற்சாலைப் பழக்கம் விடாது. ஒரு டென்னிஸ் பந்தை நடுரோட்டில் வைத்துக் குனிந்து பார்த்தேன். அது நகரவே இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன். அங்கேயும் அப்படியே. எதிர் வீட்டுச் சீன ஆன்ட்டி ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையசைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். பழுது கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். எதிரே இருந்த பழுது எனக்குத் தெரியவில்லை.

அந்த மூன்று வாரமும் வேலை முடிந்து வந்தால் இதே வேலைதான். கேன்டீனில் டின் கேட்டு வாங்கினேன். கணவர் தன் நண்பரின் தோட்டத்திலிருந்து பதினாலு பாக்குமட்டைகளைக் காரில் திணித்துப் பாலத்தைக் கடந்து கொண்டுவந்தார். குழுவில் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டேன். பெரிய பையனுக்கு எத்தனை வயது என்று ஒருவர் கேட்டபோது மட்டும் கைப்பேசியை அணைத்து வைத்துவிட்டேன். ஏன் அன்றே உண்மையைச் சொல்லவில்லை என்று கணவர் கேட்டார். "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அவர் மட்டைகளைத் துடைத்து ஒவ்வொன்றாக அடுக்கி வைத்தார்.

விருந்து நாள். மாலை நான்கு மணிக்கு ஆரம்பம். மூன்றரைக்கே நான் அடிக்கட்டைக்குப் பக்கத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, டின்களை அடுக்கி, மசாலா டப்பாக்களை மேசையில் வைத்துவிட்டேன். ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. கூடாரத்தையும் காணவில்லை. எதிர் வீட்டு ஆன்ட்டி வந்து என்ன விசேஷம் என்று மலாயில் கேட்டார். இன்றுதானே நம் ரோட்டு விருந்து என்றேன். அவர் முகத்தில் ஒரு சங்கடம். தனக்கு வந்த செய்தியைப் பார்க்காமல் விட்டுவிட்டோம் என்று நினைத்தார் போல. வேகமாக உள்ளே போய் ஒரு நாற்காலியும் ஒரு தட்டு நிறைய ஆரஞ்சுப் பழமும் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தார். அவர்கள் அடுத்த வீட்டுக்கு.

நான்கேகால் மணிக்கு எங்கள் ரோட்டில் பதினைந்து பேர் நாற்காலியோடு நின்றார்கள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காக் எங்கே என்று தேடினேன்; காணவில்லை. அக்காவையும் காணவில்லை. அப்போது கைப்பேசி அடித்தது. அக்காதான்.

"எங்கம்மா இருக்கீங்க? எல்லாரும் வந்தாச்சு, புள்ளைங்கல்லாம் விளையாட்டு எங்க விளையாட்டு எங்கன்னு கேக்குதுங்க."

"நான் இங்கதான்க்கா இருக்கேன்."

"இங்கன்னா எங்க?"

"ரோட்டுல."

"நானும் ரோட்டுலதான் நிக்கிறேன், ஒங்கள காணலியே?"

"மாமரத்துக்கிட்டக்கா."

"அட, மாமரத்துக்குக் கீழதாம்மா நானும் நிக்கிறேன்!"

அவர் பக்கத்தில் பாட்டுச் சத்தம் கேட்டது. என் பக்கத்தில் ஆன்ட்டி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா," அக்காவின் குரல் மெதுவாக வந்தது. "நீங்க திங்காட் நாலுதானே?"

"இல்லக்கா. லிந்தாங் நாலு."

இதைச் சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்பில் எல்லா ரோட்டுக்கும் ஒரே பெயர்தான், ஒரே மாதிரி எண்கள்தான். முன்னால் ஒட்டியிருக்கும், தெரு வகையைச் சொல்லும் மலாய்ச் சொல் மட்டும் மாறும். ஒன்று லோரோங், ஒன்று லிந்தாங், ஒன்று திங்காட். என் வீடு லிந்தாங் நாலில் இருபத்திரண்டு. குழு திங்காட் நாலுடையது. அங்கேயும் ஓர் இருபத்திரண்டு உண்டு. அதன் முன்னால் மாமரமும் உண்டு. ரோடு சரிவாக இறங்கவும் செய்யும். கைமாறிக் கைமாறி அலைந்த என் கைப்பேசி எண், இரண்டு தெரு தள்ளி வேறு குழுவில் போய் விழுந்திருக்கிறது.

ஆன்ட்டியிடமும் மற்றவர்களிடமும் விஷயத்தைச் சொன்னேன். முகமெல்லாம் எரிந்தது. ஆன்ட்டி கேட்டது ஒன்றே ஒன்று: அங்கே சாப்பாடு இருக்கிறதா? இருக்கிறது என்றேன். அவர் நாற்காலியை மடக்கினார். மற்றவர்களும் மடக்கினார்கள். கணவர் பாக்குமட்டைகளைத் தோளில் தூக்கிக்கொண்டார். டின், தேங்காய், மசாலா டப்பா, ஆரஞ்சுத் தட்டு சகிதம் பதினைந்து பேர் இரண்டு ரோடு தாண்டி நடந்து போனோம்.

காக் எங்களைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிந்ததும் ஓடிவந்து ஆன்ட்டியின் கையிலிருந்து தட்டை வாங்கினார். அக்காவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. "அப்ப ஒங்க புள்ளைங்க எங்க?" என்றார்.

"எங்களுக்குப் பிள்ளைங்க இல்லக்கா," என்றேன்.

மூன்று வாரமாக வராத வார்த்தை, கூட்டத்துக்கு நடுவில் சாதாரணமாக வந்துவிட்டது. அக்கா திரும்பி, மாமரத்துக்குப் பின்னால் இருந்த வீட்டைப் பார்த்தார். "அப்ப அந்த மூணு புள்ளைங்க..."

இருபத்திரண்டாம் வீட்டின் கேட் சாத்தியிருந்தது. கம்பிகளுக்குள்ளே மூன்று முகங்கள் மேலும் கீழுமாகத் தெரிந்தன. பின்னால், வாசற்படியில், என் வயதை ஒத்த ஒரு பெண் கைகட்டி நின்றாள். அவர்களும் நாங்கள் வந்த அதே வாரம் செபராங் ஜெயாவிலிருந்து வந்தவர்களாம். மூன்று வாரமாக அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. காரணம், சொல்ல வேண்டியதெல்லாம் என்னிடம் சொல்லப்பட்டுவிட்டது.

நானே போய் கேட் அருகில் நின்று நடந்ததைச் சொன்னேன். அவளும் தமிழ்தான். முழுவதும் கேட்டாள்.

"காலையிலேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருக்கோம்," என்றாள். "எங்க வாசலுக்கு முன்னாலயே கூடாரம் போடுறாங்க. எங்ககிட்ட ஒரு வார்த்த இல்ல. சின்னவ கேக்குறா, அம்மா நாம ஏதாச்சும் தப்பு செஞ்சிட்டமான்னு. நான் என்ன சொல்றது?"

"தப்பு என் மேலதான். உங்க இடத்துல நான் இருந்துட்டேன்."

"வேணும்னே செஞ்சீங்களா என்ன," என்றாள். சொன்ன விதத்தில் மன்னிப்பு இல்லை. பிள்ளைகளுக்காகக் கேட்டைத் திறந்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அவள் கணவர் மட்டும் கொஞ்சம் கூச்சத்தோடு வெளியே வந்தார்.

பிள்ளைகள் பாக்குமட்டைக்கு நேராக ஓடின. சரிவில் மட்டை பறந்தது. தேங்காய்கள், காக் சொன்னபடியே, ஒன்றுவிடாமல் வடிகாலில் விழுந்தன. சீரகத்தையும் சோம்பையும் சரியாகச் சொன்னவர் எங்கள் சீன ஆன்ட்டி ஒருவர்தான்; மோந்து பார்த்து வெந்தயத்தைச் சோப்பு என்று அடித்துச் சொன்னவர் கேன்டீன் அக்கா. நான் விசில் ஊதினேன், டின் அடுக்கினேன். கண் மட்டும் அந்தக் கதவுக்கே போய்க்கொண்டிருந்தது.

ஆறு மணிவாக்கில் அவள் ஒரு பெரிய கிண்ணத்தில் அரிசிச் சேமியாவான மீஹூனைப் பிரட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். மேசையில் வைத்தாள். ஒற்றைச் சிலிப்பர் விளையாட்டு அப்போதுதான் தொடங்கியது. அவளும் ஒரு சிலிப்பரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓரமாக நின்றாள். என் கைக்கு ஒரு பெரிய ரப்பர் செருப்பு வந்தது. யாருடையதென்று நான்கு பேரைக் கேட்டும் தெரியவில்லை. திரும்பினால் அவள் என் சிலிப்பரோடு எனக்கு முன்னால் நிற்கிறாள்.

"எந்த வீடு?" என்று கேட்டாள், விளையாட்டு விதிப்படி.

"இருபத்திரண்டு."

உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. சிரித்துவிட்டாள். எனக்கு ஏனோ கண் கலங்கியது. "என்ன சமைப்பீங்க?" என்று அடுத்ததையும் கேட்டாள். பத்தொன்பது வருடமாகத் தினம் சமைக்கிறவளுக்கு ஒரு குழம்பின் பெயர்கூட அப்போது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காக் அவளைக் குழுவில் சேர்த்தார். நான் வெளியேற அனுமதி கேட்டேன். போக வேண்டாம் என்று பதிலெழுதினார். அதனால் இப்போது அந்தக் குழுவில் இரண்டு இருபத்திரண்டு இருக்கிறது. எனக்கு வர வேண்டிய கேள்வி அவளுக்கும், அவளுக்கு வர வேண்டியது எனக்கும் போய், மாற்றி மாற்றி அனுப்பிக்கொள்கிறோம். நெருங்கிய தோழிகள் என்று சொல்ல முடியாது. பசாரில் பார்த்தால் நின்று பேசுவோம்.

அந்த மூன்று வாரம் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது மட்டும் எனக்கு இன்னும் புரியவில்லை. கூச்சம் என்று கணவரிடம் சொன்னேன். அதுவும் உண்டுதான். ஆனால் அந்த மூன்று வாரத்தில் ஒருநாள் தொழிற்சாலைப் பேருந்தில் வரும்போது, குழுவில் வந்திருந்த 'உங்கள் மூன்று பிள்ளைகளும் நலமா?' என்ற வரியை நான் இரண்டு முறை படித்தேன். யாரும் பக்கத்தில் இல்லை. அந்த ஒருமுறை மட்டும், சிரிக்கும் முகத்துக்குப் பதிலாக, நலம் என்று எழுதினேன். அதைக் கணவரிடம் இதுவரை சொல்லவில்லை.