இரண்டு தபா கீழே போட்டவர்

எண்ணூரில் ஒரு டீக்கடை. கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் பெஞ்சு அதிர்கிறது. எழுபத்தொன்றாம் வருடப் போரில் ஒரு காலை இழந்த ஏழுமலையின் நினைவுகளைப் பதிவு செய்ய வந்திருக்கிறேன். போனை அவர் முன்னால் வைத்துப் பேச்சைப் பிடிக்கிறேன். கேமராவைத் தூக்கினால் மட்டும் பக்கத்திலிருக்கும் தேவராஜின் தலை படத்துக்குள் வந்துவிடுகிறது. அவரும் அதே போருக்குப் போனவர்தான்.

“கொஞ்சம் நகருங்கய்யா” என்கிறேன்.

அவருக்குப் பொறுக்கவில்லை. “வர்றவன்லாம் அவனத்தான் புடிக்கிறான். அடிபட்டவனுக்கு போட்டோ, அவனத் தோள்ல தூக்கிக்கினு ஓடியாந்த எனுக்கு ‘நகரு’வா?”

அடடா, இந்தப் பேச்சுக்கே பஸ் ஏறி வந்தது தகும்.

“ரெண்டு தபா கீழ போட்டியே நைனா, அத்தயும் சொல்லு” என்று ஏழுமலை சிரிக்கிறார். நானும் சிரித்துவிடுகிறேன்.

தேவராஜ் சிரிக்கவில்லை. “குண்டு வந்துகினே இருந்துச்சு. உன்னக் கீழ போட்டு மேல நான் படுத்துகினேன். மயக்கத்துல கெடந்தவன், உனுக்கு இன்னா தெரியும்?”

ஏழுமலையின் கையில் டீ ஆடை கட்டுகிறது. “இத்த ஏன்டா இத்தினி வருஷமா சொல்லல?”

“எவன்டா என்னக் கேட்டான்?”

ஏழுமலை என் போனை எடுத்து தேவராஜ் முன்னால் வைக்கிறார்.

“இவனக் கேளு தம்பி. மொதல்லேர்ந்து கேளு.”