ஆராய்ச்சிக்கு வந்தவரும் பக்கத்துத் தோட்டத்து மாடுகளும்

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. மற்ற இரண்டும் என் கொழுந்தன் பிள்ளைகள். எது பெற்றது, எது வளர்த்தது என்று நான் வாழ்க்கைப்பட்ட மண்ணரை ஊரில் யாராலும் கண்டுபிடித்துச் சொல்ல முடியாது, அப்படி வளர்த்தேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. பஸ்ஸில் ஊர்ப் பெயர் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் எழுதுவதற்குப் பேத்தி இருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். காலேஜில் பொருளாதாரம் படிக்கிறவள், என் பேச்சை இழுத்துப் பிடித்து ஒழுங்காக்கித்தான் எழுதுவாளாம். ஆகட்டும்.

போன வாரம் இவள் செல்போனில் ஒரு பெரியவர் பேசுவதைக் காட்டினாள். பெரிய பேராசிரியராம். யாரிடம் எவ்வளவு சொத்து, யாருக்கு எவ்வளவு வருமானம், ஒரு வீட்டில் கொட்டிக் கிடக்கும்போது பக்கத்து வீடு ஏன் காய்ந்து கிடக்கிறது என்று ஆயுசு முழுவதும் ஆராய்ச்சி செய்தவராம். வெளிநாட்டுக்காரர்களே கூப்பிட்டு வைத்துக் கேட்கிறார்களாம். அந்த ஆராய்ச்சியை வாலிபத்தில் பொங்கலூர்ப் பக்கம் ஆரம்பித்ததாக அவரே சொன்னார். தலை நரைத்தாலும் அந்த விரிந்த காதுகள் அப்படியேதான் இருந்தன. "கண்ணு, இவரு எங்கப்புச்சி ஊட்டுக்கு வந்தவரு" என்றேன். பேத்தி சிரித்தாள். அவள் சிரித்ததற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்விட, நான் பொங்கலூருக்குத் தெற்கே அம்மாவைப் பெற்ற அப்புச்சியின் தோட்டத்தில் வளர்ந்தேன். அந்த வீட்டுக்கு இருந்த ஒரே கவலை அம்மாவின் தங்கை, என் சின்னம்மாவின் கல்யாணம். மழையில்லாமல் மாடுகளையெல்லாம் விற்றுவிட்டதால் கட்டுத்தரை காலியாகக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் பெண் கேட்டு வருவதற்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டார் ஓர் ஆளை அனுப்பி விசாரிப்பார்கள். வருகிறவர் எதற்கு வந்தேன் என்று வாயைத் திறக்கமாட்டார். எருமை வாங்க வந்தேன் என்பார், வழி தவறிவிட்டேன் என்பார். கண் மட்டும் கட்டுத்தரையில் இருக்கும். அப்படி வந்தவர்கள் எங்கள் காலிக் கட்டுத்தரையைப் பார்த்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனதோடு சரி.

இந்த நேரத்தில்தான் வெள்ளைச் சட்டையும் மூக்குக் கண்ணாடியும் விரிந்த காதுகளுமாக ஒரு வாலிபர் சைக்கிளில் வந்து இறங்கினார். வீடு வீடாகப் போய்க் கேட்டார். பூமி எத்தனை ஏக்கர், கிணற்றில் தண்ணீர் உண்டா, மாடு கன்று எத்தனை, வீட்டில் கல்யாணம் ஆகாதவர்கள் யார் யார். இதற்கு மேல் என்ன வேண்டும்? அப்புச்சி அவரை டீக்கடையில் மடக்கிவிட்டார்.

"ஏனுங்க தம்பி, எந்த ஊருக்காரங்களுக்காக வெசாரிக்கறீங்க?"

"யாருக்காகவும் இல்லீங்க. ஏழை பணக்காரங்க வித்தியாசத்தப் பத்தி ஆராய்ச்சி பண்றேனுங்க."

அப்புச்சி வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார். "எருமை வாங்க வந்தேன்னு சொன்னவங்களப் பாத்திருக்கறேன். இந்த மாதரப் பொய்ய இன்னைக்குத்தான் கேக்கறேன். இப்படி ஆள் உடறாங்கன்னா பெரிய எடமாத்தான் இருக்கோணும்!" என்று என் பாட்டியிடம், அம்மாயியிடம் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வாலிபர் மறுக்க மறுக்க எங்கள் வீட்டில் சம்பந்தம் உறுதியாகிக்கொண்டே போனது.

பக்கத்துத் தோட்டம் அப்புச்சியின் பங்காளியுடையது. நான் அவரைப் பெரியப்புச்சி என்பேன். அவருக்குப் பெண் பிள்ளை கிடையாது, மாடு கன்றுக்குக் குறைவு கிடையாது. வந்திருப்பவர் சொத்தைப் பார்த்து வரி போட வந்த சர்க்கார் ஆள் என்பது அவர் முடிவு. மாடுகளை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் வேலியோரமாக நடந்துகொண்டிருந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் மாடு வேண்டும் என்று அப்புச்சி நடந்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் பேசி முடிக்க வெகுநேரம் ஆகவில்லை. விடிந்ததும் வேலியைப் பிரித்து, எல்லா மாடுகளையும் எங்கள் கட்டுத்தரையில் கொண்டுவந்து கட்டிவிட்டார்கள்.

"தீனி போடறதும் சாணி அள்றதும் உங்க பாடு. பாலு மட்டும் எங்கூட்டுக்கு வந்துரோணும்" என்றார் பெரியப்புச்சி. அந்த நிலைமையிலும் அவர் பாலை மறக்கவில்லை.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். மயிலை என்ற பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வாலிபர் என்ன கேட்டாலும், "இது நம்ம ஊட்டு மயிலை, நம்ம ஊட்டுலயே பொறந்தது" என்று சொல்ல வேண்டும். காலையிலிருந்து சொல்லிப் பழகினேன்.

மத்தியானத்துக்கு மேல் வாலிபர் வந்தார். கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து அம்மாயி மோர் கொடுத்தார். அதுவும் இரவல் மோர்தான். இதையெல்லாம் போய் வெளியே சொல்லிக்கொள்வதா என்கிற மாதிரி சலித்துக்கொண்டே அப்புச்சி பதில் சொன்னார். கிணற்றைப் பற்றிக் கேட்டதற்கு, "எறைச்சு மாளலீங்க" என்றார். அந்தக் கிணற்றை விட்டுத் தவளைகூடப் போய்ப் பல நாள் ஆகியிருந்தது. வாலிபர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு அடுத்ததாகப் பெரியப்புச்சி வீட்டுக்குப் போனார். எங்கள் வீட்டில் எல்லோர் முகத்திலும் கல்யாணக் களை வந்துவிட்டது.

பெரியப்புச்சி கிழிந்த வேட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு வாசலில் குத்தவைத்திருந்தார். "நம்மகிட்ட என்னங்க இருக்குது சாமி, இந்தத் தோட்டத்துல ஒரு வாலுகூட இல்லீங்க!" என்று அவர் சொன்னது வேலிக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. எங்களுக்குக் கேட்டது போல மயிலைக்கும் கேட்டது. எஜமான் குரல் கேட்டால் அது நிற்குமா? பிரித்த வேலி வழியாக ஒரே ஓட்டம். மற்ற மாடுகளும் முளையைப் பிடுங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடின. கயிற்றை விடக்கூடாது என்று அப்புச்சி சொல்லியிருந்ததால், நானும் கயிற்றின் முனையில் இழுபட்டுப் போய்ச் சேர்ந்தேன்.

மயிலை பெரியப்புச்சியின் மொட்டைத் தலையை நக்கியது. அவர் அதை ஏற இறங்கப் பார்த்து, "யாரு ஊட்டு மாடுன்னு தெரியலீங்களே" என்றார். எனக்கு என் பாடம் ஞாபகம் வந்தது. முழங்கால் சிராய்ப்போடு எழுந்து நின்று, "இது நம்ம ஊட்டு மயிலை, நம்ம ஊட்டுலயே பொறந்தது" என்றேன்.

வாலிபர் என்னையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தார். "மாடெல்லாம் யாருதுங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அப்புச்சி வானத்தைப் பார்த்து மழை வருமா என்று யோசித்தார். அதுவரை வெளியே தலைகாட்டக் கூடாது என்று உள்ளே உட்காரவைத்திருந்த சின்னம்மா வாசற்படிக்கு வந்து நின்றாள்.

"அவிங்களுதுங்க. எங்களுக்கு மாடு இல்லீங்க. கெணத்துல தண்ணியும் இல்லீங்க."

அம்மாயி தலையில் அடித்துக்கொண்டார். வாலிபர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "உங்களுக்குன்னு என்னங்க இருக்குது?" என்று கேட்டார்.

"எங்களுக்குங்களா..." என்று அப்புச்சி ஆரம்பித்தார்.

"உங்களக் கேக்கலீங்க. அவங்களக் கேட்டேன்."

அம்மாயி பின்னால் நின்று காதையும் கழுத்தையும் தொட்டுத் தொட்டு, நகை இருக்கிறதென்று சொல்லச் சொல்லி ஜாடை காட்டினார். சின்னம்மா வாசலை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு செவலைக் கோழியைக் காட்டினாள்.

"அதுங்க. குஞ்சுல இருந்து நான் வளத்தேன். அது என்னுதுங்க."

அவர் சின்னம்மாவின் பெயரைக் கேட்டு எழுதி, அதற்குப் பக்கத்தில் கோழியையும் எழுதிக்கொண்டு போனார். போகும்வரை அடக்கி வைத்திருந்து நான் சிரித்தேன். கோழியைப் போய் யாராவது எழுதுவார்களா?

"இத்தன மாட்டக் கொண்டாந்து கட்டுனா, ஒத்தக் கோழியக் காட்டிக் கெடுத்துப்போட்டயே புள்ளை!" என்று அம்மாயி ஒப்பாரி வைக்காத குறை. அடுத்த மாதம் நிஜமாகவே ஒரு மாப்பிள்ளை வீட்டு ஆள் வந்தார். முன்னால் வந்த வாலிபர் நிஜ ஆராய்ச்சிக்காரர்தான் என்று அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டதால், இவரையும் ஆராய்ச்சிக்காரர் என்று எண்ணி, அப்புச்சி வற்றிய கிணற்றைக்கூடக் கூட்டிப்போய்க் காட்டி உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டார். அந்த இடம்தான் அமைந்தது. எப்படி அமைந்தது என்பது சாகும் வரைக்கும் அப்புச்சிக்கு விளங்கவில்லை.

எனக்கு விளங்காமல் போனது வேறு. வாலிபர் வந்துபோன அன்று சாயங்காலம், வீடே எழவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருக்க, சின்னம்மா மட்டும் வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டு கோழிக்குக் கம்பு போட்டுக்கொண்டிருந்தாள். "உன்ற கண்ணாலம் போயிருச்சாமா சின்னம்மா, நீ அழுகலயா?" என்று கேட்டேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளி, "என்னையக் கேட்டாங்கல்ல கண்ணு" என்றாள்.

இதில் என்ன பெருமை என்று எனக்குத் தெரியவில்லை. சோறாயிற்றா, துணி துவைத்தாயிற்றா, தண்ணீர் எடுத்தாயிற்றா என்று விடிந்ததிலிருந்து எல்லோரும் அவளைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

போதும் கண்ணு. பேனாவ வெச்சுட்டு மேல இருந்து ஒருக்காப் படி. சித்த சத்தமாப் படி.