இருந்த ஃபைலை இல்லை என்றேன்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை செம்பாக்கத்தில் உள்ள சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நடந்தது இது. பரிசோதனை மெஷினிலிருந்து முடிவுகளை எடுத்துத் தரும் ஜாவா புரோகிராமை அங்கே நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் ஓடும் என்று டாக்டரிடம் பீற்றிக்கொண்டும் இருந்தேன்.

பழைய கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனதால், புதிதாக ஒரு குட்டிப் பெட்டிக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். புரோகிராம் ஃபோல்டரை அப்படியே அதில் காப்பி செய்யும்படி, அங்கே ரத்தம் எடுக்கும் லேப் அக்காவிடம் போனில் சொல்லியிருந்தேன். அன்று காலை டாக்டர் கூப்பிட்டார். 'மெஷின் ஃபைல் இல்லை' என்று திரையில் வருகிறதாம்.

"காப்பி பண்ணும்போது அவங்க விட்டிருப்பாங்க சார்" என்று பெருங்களத்தூர் டிராஃபிக்கில் நின்றபடியே சொல்லிவிட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது, வெறும் வயிற்றோடு காத்திருந்த ஏழெட்டுப் பேர் முன்னால் அக்காவுக்குத் திட்டு விழுந்துகொண்டிருந்தது. நாளையிலிருந்து வரவே வேண்டாம் என்றுகூட டாக்டர் சொல்லிவிட்டார்.

"நான் எதையும் விடலம்மா. இதோ பாரு, இங்கதான் கீது" என்றார் அக்கா. என்னைத் திரைப் பக்கம் திருப்பி அந்த ஃபைலைக் காட்டினார்.

ஃபைல் இருந்தது. நானே மறுபடி காப்பி செய்தேன். அப்போதும் 'இல்லை' என்றே வந்தது. கண்ணெதிரே இருப்பது எப்படி இல்லாமல் போகும்? மூன்று முறை அணைத்துப் போட்டேன். எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

"இல்லைன்னு சொல்றது யாரும்மா, கம்ப்யூட்டரா?" என்று கேட்டார் அக்கா.

அப்போதுதான் உறைத்தது. அது நான் எழுதிய வாக்கியம். எந்தக் கோளாறு வந்தாலும் அதையே காட்டும்படி சோம்பேறித்தனமாக எழுதி வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டுப் பார்த்தால், ஜாவா உண்மைக் காரணத்தை ஒரே வரியில் சொன்னது. மெஷினோடு பேச என் புரோகிராம் கூப்பிடும் அந்த ஃபைல், பழைய கம்ப்யூட்டரில் இருந்த வகை பிராசஸருக்கு மட்டுமே ஆனது. புதுப் பெட்டியில் இருப்பது வேறு வகை. அதற்கான ஃபைலை இறக்கிப் போட்டதும் முடிவுகள் வரத் தொடங்கின.

டாக்டரிடம் அறைக்குள் போய் மெதுவாகச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அக்கா திட்டு வாங்கியது எல்லோர் முன்னாலும். அங்கேயே நின்று, "தப்பு என்னோடது சார், அக்கா சரியாத்தான் பண்ணியிருக்காங்க" என்றேன். வெட்கமாக இருந்தது.

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. "நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்கம்மா" என்று அக்காவிடம் மட்டும் சொன்னார். அடுத்தவர் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே அக்கா தலையாட்டினார்.

இன்றும் ஒரு புரோகிராமில் பிழைச் செய்தி எழுத உட்காரும்போதெல்லாம், இதனால் யார் திட்டு வாங்குவார்களோ என்று என் கை ஒரு நிமிடம் நின்றுவிடுகிறது.