இறக்கிவிட்டுப் போனவர்

தவக்காலத்து ஞாயிறு மதியம். எங்கள் வீட்டு ஜன்னல்களைப் பாயால் மறைத்து, வாடகை புரொஜெக்டரில் இயேசு பட்ட பாடுகளைப் படமாகப் பார்த்தோம். சாட்டையடிக்கே பெண்கள் மாரில் அடித்து அழுதார்கள். ஆணி அறைந்தபோது அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டாள். படம் சிலுவையோடு முடிந்தது.

எல்லாரும் போன பிறகு, படம் ஓட்ட வந்த மனிதர், நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒல்லியான ஆள், புரொஜெக்டர் விளக்கை அணைக்காமலே ரீலைப் பின்னால் ஓடவிட்டார். திரையில் ஆணிகள் கழன்றன. காயங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

"விளக்க அணைச்சிட்டுச் சுத்தலாமே அண்ணாச்சி" என்றேன்.

"தொங்கவிட்டபடியே பெட்டில வச்சுப் பூட்ட மனசு வரல தம்பி. எந்த வீட்டுல போட்டாலும் இறக்கிவிட்டுட்டுத்தான் போவேன்."

மறுநாள் தருவைகுளத்தில் ஒரு வீட்டில் அதே படம். அங்கே மறுபடியும் அறைவார்கள். அது அவருக்கும் தெரியும்.