நான் எடுத்த கடைகள்

திருப்பதியில் எங்கள் ஆபீஸ் செய்கிற வேலையை ‘எடுப்பது’ என்றுதான் சொல்வோம். “அந்த சைட்டை எடுத்தாச்சா?” “அந்தக் கடையை எடுத்துடு.” ஒரு கம்பெனியின் பேரையும் படத்தையும் திருடி யாராவது இணையத்தில் விற்றால், அந்த விற்பனைத் தளத்துக்குப் புகார் எழுதி, அந்தப் பக்கமே இல்லாமல் பண்ணுவோம். மலைக்கு வருகிறவர்களிடம் இல்லாத ரூமுக்குப் பணம் பிடுங்கும் போலி வெப்சைட்டுகளையும் எடுப்போம். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. பெட்டியும் பிள்ளையுமாக லாட்ஜ் வாசலில் நின்று அழுகிறவர்களை இந்த ஊரில் யார்தான் பார்த்ததில்லை? அப்படி ஒரு சைட்டை எடுத்த நாளில் சோறு கொஞ்சம் கூடுதலாகவே இறங்கும்.

திருடனைப் பிடிக்க ஆபீஸில் ஒரு குறுக்குவழி வைத்திருந்தோம். நான் சொல்லிக்கொடுத்ததுதான். கடைப் பேர்கள் வேறு வேறாக இருக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே போன் நம்பர், ஒரே பேங்க் கணக்கு. அப்படியென்றால் அது கும்பல். அதில் ஒன்று போலி என்று தெரிந்தால் போதும், மற்றவற்றைத் திறந்துகூடப் பார்க்க வேண்டாம், மொத்தமாக எடுத்துவிடலாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் இதை வேதம் மாதிரி ஓதியிருக்கிறேன்.

ஆடி மாதம் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்காரர்கள் எங்களிடம் வந்தார்கள். அவர்கள் எடுத்த சேலைப் படத்தைப் போட்டு யாரோ பாதி விலைக்கு விற்கிறார்களாம். தேடினேன், கிடைத்தது. அந்தக் கடையின் போன் நம்பரைப் பிடித்து இழுத்தால், அம்மன் பேரில் ஒன்று, பிள்ளைகள் பேரில் சில என்று வரிசையாகக் கடைகள் வந்தன. பெரிய மீன் சிக்கிவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். நம்பரைக் காப்பி செய்து புகாரில் ஒட்டினேன், டீ குடிக்கப் போனேன். அந்த வாரமே அத்தனை கடைகளும் போய்விட்டன.

பிறகு அக்கா போன் செய்தாள். நகரியில் நாங்கள் பிறந்த தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள் அவள்.

“டேய், நம்ம தெரு கடை ஒண்ணு கூட காணோம்டா. போன்ல தட்டுனா இல்லைன்னு வருது. தீபாவளிக்குன்னு எல்லாரும் நூலு எடுத்து நெய்துக்கினு கீறாங்க. நீ கம்ப்யூட்டர்ல தானே கீற, எவன் பண்ணான்னு பாரு.”

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? புகாரின் அடியில் என் பேர் இருந்தது.

அந்தத் தெருவில் பவர்லூம் வைத்திருக்கிற வீடுகளுக்கு, ஆன்லைனில் கடை திறக்கக் கேட்கிற ஓடிபி என்றாலே பயம். யாரிடமும் சொல்லாதே என்று பேங்கே சொல்லும்போது, கேட்கிறவன் எல்லாம் எதற்குக் கேட்கிறான் என்பது அவர்கள் நியாயம். ஆனால் என் அக்காவிடம் சொல்வார்கள். இண்டர், அதாவது பிளஸ் டூ வரைக்கும் தெலுங்கில் படித்தவள், ஏமாற்றத் தெரியாதவள். அதனால் வீட்டுக்கு ஒரு கடை, எல்லாம் அவள் நம்பரில், அவள் கணக்கில். ஆர்டர் வந்தால் வாசலில் நின்று தறிச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்வாள். எந்த வீட்டுச் சேலையோ அந்த வீட்டுக்குக் காசு போய்ச் சேரும். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவள் நம்பர்தான் தெரியாது. என் போனில் அது வெறும் ‘அக்கா’.

அந்தப் படத்தைப் போட்டது அக்காவின் எதிர்வீட்டம்மா. ஜவுளிக்கடைக்காரர்களுக்கு நெய்து கொடுப்பதே அந்தம்மா வீட்டுத் தறிதான். கடைக்காரர்கள் எடுத்த படத்தைப் பார்த்து, நம்ம சேலைதானே, நல்லா கீதே என்று தன் கடையில் போட்டுவிட்டாள். ஒரு வீடு போட்ட ஒரு படத்துக்காக ஒரு தெருவையே எடுத்திருந்தேன்.

மறுநாள் மேனேஜரிடம் போய், தப்பான கடைகளை எடுத்துவிட்டேன் என்றேன். “ஒதிலேய்யா” என்றார் தெலுங்கில், விட்டுத்தொலை என்று. அக்காவின் தெரு என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் செய்துவிட்டேன், மற்ற கடைகள் மேல் தப்பில்லை என்றேன். எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டு, புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிப்போட்டேன். புரட்டாசிக்குள் கடைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, எதிர்வீட்டுக் கடையைத் தவிர. அதைத் திரும்பத் திறக்க ஜவுளிக்கடைக்காரர்கள் ஒப்பவே இல்லை.

‘பேசியிருக்கேன், வந்துடும்’ என்று மட்டும்தான் அக்காவிடம் சொல்லியிருந்தேன். அவள் அதைத் தெரு முழுக்க, என் தம்பி மீட்டுக் குடுத்தான் என்று சொல்லி வைத்திருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நகரிக்குப் போனால் வீட்டுக்கு வீடு உபசாரம். “நீ நல்லா இருக்கணும்பா” என்று ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது. ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. ஆனாலும் கொடுத்த வடையைத் தின்றேன்.

எதிர்வீட்டம்மாவும் காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

“என்னுது மட்டும் வர்லியே நைனா. நாங்க நெய்த சேல அது. அதோட படத்த நாங்க போட்டா திருட்டா?”

சேலை உங்களுடையது, படம் அவர்களுடையது என்று ஆபீஸ் குரலில் விளக்கினேன். “படிச்சவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள். அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அக்கா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, புகார் கொடுத்தவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். “ஊரு வயித்துல அடிச்சவன் வீடு வெளங்குமா? துன்னுடா, இன்னா வெறுஞ்சோத்தப் பெசஞ்சிக்கினு கீற?”

“அக்கா, அது நான்தான்” என்றேன்.

குழம்புக் கரண்டி அப்படியே நின்றது.

“தெரிஞ்சே பண்ணியா?”

“இல்ல. பாக்காம பண்ணேன்.”

“எதிர்வீட்டுது?”

“இனிமே வராது.”

எனக்குச் சொல்லிவிட்ட நிம்மதி. அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த நிம்மதிக்கே கூச்சமாகிவிட்டது. கரண்டியைக் குழம்பிலேயே போட்டுவிட்டு, அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்பினேன். ஸ்டேஷன் வரை வருகிறேன் என்று அவளும் வந்தாள். எதிர்வீட்டம்மா வாசலில் நூல் பிரித்துக்கொண்டிருந்தவள், எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

“யாரு பண்ணதுன்னு தெரிஞ்சுதா நைனா? தெரிஞ்சா கால்ல உழுந்தாவது கேட்டுப் பாப்பேன்.”

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

“எவன்னு தெரியலியாம்க்கா. கண்டுபிடிக்கவே முடியாதாம்” என்றாள்.

எதிர்வீட்டம்மா சரி என்று தலையாட்டினாள். அக்கா சொன்னால் அந்தத் தெருவில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

“நட, ரயிலு போய்டும்” என்றாள் அக்கா. ஸ்டேஷன் வரைக்கும் என் கையை விடவில்லை; என் முகத்தையும் பார்க்கவில்லை.