குணலட்சுமி அக்கா அடுக்கிய படங்கள்

குணலட்சுமி அக்காவின் ஊர் கீரிமலை. காங்கேசன்துறையில் ஒரு கந்தோரில் பதினாறு வருடம் ரைப்பிஸ்டாக இருந்தவர். கலியாணம் செய்யவில்லை. தகப்பனோடுதான் இருந்தார். 1990 ஆனி மாதத்தில் சண்டை தொடங்கி ஊர் எழும்பி ஓடியபோது, நடக்க ஏலாத தகப்பனைச் சைக்கிள் கரியரில் இருத்தி, உரும்பிராய் வரைக்கும் உருட்டிக்கொண்டே வந்தார். மூன்று மாதத்தில் தகப்பன் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கண்ணை மூடினார்.

அதற்குப் பிறகும் நிவாரண வரிசையில் வாராவாரம் தகப்பனின் பெயரைக் கூப்பிட்டார்கள். "அவர் இல்லை. பேரை வெட்டிவிடுங்கோ" என்று அக்கா ஒவ்வொரு கிழமையும் சொன்னார். அடுத்த கிழமையும் கூப்பிட்டார்கள். ஐந்து கிழமை இப்படிப் போனது. ஆறாம் கிழமை அக்கா வரிசையில் நிற்கவில்லை. நல்லூரில் இருந்த எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு வந்து, பொறுப்பாளர் செபநாயகத்தின் முன்னால் நின்று, "சேர், பட்டியல் எழுதுற வேலையை எனக்குத் தாங்கோ. நான் பிழை விடாமல் எழுதுவன்" என்றார்.

நான் அங்கே கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு என் மேசைக்குப் பக்கத்து மேசையைக் கொடுத்தார்கள்.

மூன்று வருடத்துக்கு மேல் அவர் கையாலேயே எழுதினார். வடக்குக் கரையோரத்தில் முப்பத்திநாலு கிராமங்கள் வெறிச்சோடிப் போயிருந்தன. எந்தக் கிராமத்துக் குடும்பம் இப்போது எங்கே இருக்கிறது, எத்தனை பேர், யார் பிறந்தது, யார் செத்தது என்று கிராமத்துக்கு ஒரு கொப்பி. 1994 மாசியில், எத்தனையோ அனுமதிக் கடிதங்களுக்குப் பிறகு, எங்களுக்கு ஒரு கொம்பியூட்டர் கப்பலில் வந்து சேர்ந்தது. அதோடு கொழும்பிலிருந்து வந்த ஒருவர் இரண்டு கிழமை நின்று அக்காவுக்குப் பழக்கிவிட்டு, தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றையும் வைத்துவிட்டுப் போனார்.

யாழ்ப்பாணத்தில் அப்போது மின்சாரம் இல்லை. ஜெனரேற்றரை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அதைப் பார்த்துக்கொண்டவர் யாகப்பு. மயிலிட்டியில் சொந்தமாக வள்ளம் வைத்து மீன்பிடித் தொழில் செய்தவர். காலை ஒன்பது மணிக்கு ஒரு மூடி பெற்றோல் விட்டுக் கயிற்றை இழுத்து இயந்திரத்தை எழுப்புவார். மண்ணெண்ணெய் அளவாகத்தான் கிடைத்தபடியால், மதியம் பன்னிரண்டு அடித்ததும் நிறுத்திவிட வேண்டும் என்பது செபநாயகம் சேரின் கட்டளை. யாகப்பு ஒருநாளும் ஒரு நிமிடம் பிந்தியதில்லை.

கொம்பியூட்டர் திரையில் முப்பத்திநாலு சின்னப் படங்கள் இருக்கும். எல்லாம் ஒரே மாதிரியான படம். கீழே ஒரு இலக்கம் மட்டும். ஒரு படத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் அந்தக் கிராமத்தின் பட்டியல் திறக்கும். கொழும்பிலிருந்து வந்தவர் அவற்றை இலக்க வரிசையில் வைத்திருந்தார். அக்காவுக்கு அது ஒத்துவரவில்லை. "எனக்கு இலக்கம் மனசிலை நிக்காது. ஊர் எந்தப் பக்கம் கிடக்கெண்டு தெரியும்" என்று சொல்லி, ஒவ்வொரு படமாக மவுசால் இழுத்து ஊர்கள் கிடக்கிறபடி வைத்தார். இடது மேல் மூலையில் கீரிமலை. அதற்குப் பக்கத்தில் காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி. பலாலிக்குக் கீழே வசாவிளான். அப்படி வைத்த பிறகு அவருடைய கை தானாகவே ஊருக்குப் போனது.

ஆனால் அடுத்த நாள் காலை திரை வெளிச்சம் வந்தபோது எல்லாப் படங்களும் பழையபடி இலக்க வரிசையில் நின்றன. அக்கா திரும்பவும் அடுக்கினார். அதற்கடுத்த நாளும் அப்படியே. யாரோ வந்து குழப்பிவிட்டுப் போகிறார்கள் என்று முதலில் நினைத்தார். அறையைப் பூட்டித் திறப்பைத் தன்னோடு வைத்துக்கொண்டார். அப்படியும் மாறிக் கிடந்தது. கொழும்புக்கு எழுதிக் கேட்கலாம் என்றேன். கடிதம் போய்வர இரண்டு மாதம். காலையில் பத்து நிமிடம் படங்களை அடுக்குவது, முற்றம் கூட்டுவது மாதிரி அவருடைய வேலையாகிவிட்டது. ஆறு மாதம் அப்படியே ஓடியது.

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஜெனரேற்றர் அன்றைக்கு மக்கர் பண்ணியது. யாகப்பு அதைக் கழற்றிப் பூட்டி எழுப்பியபோது மணி பதினொன்றரை. வெளியில் சனம் காத்துக்கொண்டு நின்றது. படங்களை அடுக்க நேரமில்லை.

அப்போது உள்ளே வந்தவர் ஏரம்பு என்ற வயதானவர். திருகோணமலைப் பக்கத்து ஆள். கிளாலிக் கடலால் வள்ளத்தில் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் சால்வை, கையில் கோரைப் புல்லால் பின்னிய ஒரு பன் பை.

"பிள்ளை, என்ரை மகள் பூரணத்தை வசாவிளானிலை கட்டிக் குடுத்தனான். மருமேன்ரை பேர் தியாகலிங்கம். தொண்ணூறாம் ஆண்டிலையிருந்து ஒரு சொல்லும் இல்லை" என்றார்.

"இருங்கோ ஐயா, பாக்கிறன்."

அக்காவின் கை பலாலிக்குக் கீழே போனது. இரண்டு தட்டு. பட்டியல் திறந்தது. பூரணம் என்று தேடினார். இல்லை. தியாகலிங்கம் என்று தேடினார். இல்லை. சுவர் மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லை ஐயா. அந்தப் பேரிலை ஒருத்தரும் எங்கடை பதிவிலை இல்லை."

கிழவர் திரையை ஒருதரம் பார்த்தார். "ஓம் பிள்ளை. வாறன்" என்று சொல்லி எழும்பினார். வாசலில் யாகப்புவிடம் ஏதோ கேட்டுவிட்டு வெயிலுக்குள் நடந்து போனார். எங்கே தங்கியிருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை அக்கா வழக்கம்போலப் படங்களை அடுக்கினார். வசாவிளானில் ஒரு குழந்தைப் பிறப்பைப் பதிய அந்தப் பட்டியலைத் திறந்தார். தட்டெழுதும் சத்தம் நின்றதைக் கேட்டு நான் திரும்பிப் பார்த்தேன். அக்காவின் இரண்டு கையும் மேசையில் இருந்தன. திரையில், நாலாவது வரியில், தியாகலிங்கம் குடும்பம் இருந்தது. மனைவி பூரணம். இரண்டு பிள்ளைகள். தற்போதைய இடம் உரும்பிராய்.

"செவ்வாய்க்கிழமை நான் படங்களை அடுக்கேல்லை" என்றார் அக்கா. "வசாவிளான் எண்டு நினைச்சு வேறை ஏதோ ஊரைத் திறந்து பாத்திருக்கிறன்."

அவர் எழும்பி யாகப்புவிடம் போனார். "அண்ணை, அண்டைக்கு வந்த அந்தத் திருகோணமலை ஐயா உங்களிட்டை என்ன கேட்டவர்?"

"கொடிகாமத்துக்கு எந்தப் பக்கத்தாலை போறதெண்டு கேட்டவர், தங்கச்சி. அடுத்த நாள் கிளாலியிலை வள்ளம் எடுக்கப் போறன் எண்டும் சொன்னவர்."

அக்கா சைக்கிளை எடுத்தார். யாகப்பு ஒன்றும் கேட்காமல் ஜெனரேற்றரை நிறுத்திவிட்டுத் தன் சைக்கிளில் பின்னால் போனார். இருவரும் கிளாலிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம் நாலு மணி என்று யாகப்பு பிறகு சொன்னார். அங்கே பயணிகளின் பெயர் எழுதுகிறவர் கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். "ஏரம்பு, திருகோணமலை. நேற்றுப் போயிட்டார்" என்றார். அக்கா அந்தக் கொப்பியை வாங்கித் தானும் வாசித்தார். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாகப்பு கூப்பிடும்வரைக்கும் திரும்பவில்லை.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு உரும்பிராய்க்குப் போனார். பூரணத்தின் கொட்டில் ஒரு வாழைத் தோட்டத்து ஓரத்தில் இருந்தது. அக்கா வாடகைக்கு இருந்த அறைக்கும் அதற்கும் அரை மைல் தூரமும் இல்லை. பூரணம் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றாள்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "தங்கச்சி, உம்மடை அப்பு உம்மைத் தேடி வந்தவர். நான் பிழையான பட்டியலைப் பாத்து, நீர் இல்லையெண்டு சொல்லி அனுப்பிப்போட்டன். பிழை என்ரைதான்."

பூரணம் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். அவள் ஏசுவாள் என்று நான் நினைத்தேன். அக்கா அதற்குத்தான் ஆயத்தமாக வந்திருந்தார் என்பது அவர் நின்ற நிலையில் தெரிந்தது.

"அப்பு வந்தவரே?" என்றாள் பூரணம். "தன்ரை காலாலை நடந்து வந்தவரே?"

"ஓம்."

"ஒருத்தரும் கையைப் பிடிச்சுக் கூட்டி வரேல்லையே?"

"இல்லை. தனியத்தான் வந்தவர். வெள்ளைச் சட்டை போட்டிருந்தவர். கையிலை ஒரு பன் பை."

பூரணம் கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டாள். "அவர் செத்துப்போனார் எண்டு போன வருசம் ஒரு ஆள் வந்து சொல்லி, நான் அழுது முடிச்சிட்டன் அக்கா" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது. அக்கா அவளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

அன்றே செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகத் திருகோணமலைக்குக் கடிதம் எழுதினோம். பூரணம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கீழே அக்கா தன் கையாலே இரண்டு வரி சேர்த்தார். என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அக்கா அந்த ஆங்கிலப் புத்தகத்தை மேசையில் விரித்தார். "இதுக்கு ஒரு காரணம் இருக்கவேணும்" என்றார். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு கிழமை வாசித்தார். படங்களைத் தானாக வரிசைப்படுத்தும் ஏற்பாடு ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். அதன் முன்னால் சரி அடையாளம் போட்டிருந்தது. அதை எடுத்துவிட்டார். அடுத்த நாள் படங்கள் பழைய இடத்துக்கே போயிருந்தன. அந்தச் சரி அடையாளமும் திரும்பி வந்திருந்தது.

"நான் நேற்று இதை எடுத்தனான். நீர் பாத்தனீர்தானே?"

"ஓம் அக்கா, பாத்தனான்."

"அப்ப படம் மட்டும் இல்லை. பட்டியலிலை எழுதினது நிக்குது, ஏனெண்டால் அதை ஒவ்வொருக்காலும் சேமிச்சு வைக்கிறன். மற்றபடி நான் சொன்ன ஒண்டையும் இந்த மிசின் வைச்சிருக்கேல்லை."

புத்தகத்தில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. வெளியேறும்போது எல்லாவற்றையும் இருந்தபடி சேமித்து வை என்பது அதன் கருத்து. அதற்கும் சரி அடையாளம் போட்டார். அடுத்த நாள் அதுவும் இல்லை.

அக்கா அந்த வரியை மறுபடி மறுபடி வாசித்தார். பிறகு வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். "யாகப்பு அண்ணை, நீங்கள் நிப்பாட்டேக்கை நான் என்ன செய்துகொண்டிருப்பன்?"

"என்ன செய்வாய், தங்கச்சி. தட்டிக்கொண்டுதான் இருப்பாய். கடைசிப் பேர் முடிஞ்சுதெண்டால் கையைக் காட்டுவாய். நான் நிப்பாட்டுவன்."

"திரை அப்பிடியே இருண்டுபோகும்."

"ஓம்."

"வெளியேறும்போது எண்டு இதிலை எழுதிக் கிடக்கு. நாங்கள் ஒருநாளும் வெளியேறேல்லையே, அண்ணை."

அன்று பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க அக்கா வேலையை நிறுத்தினார். பட்டியலை மூடினார். படங்களை இடத்தில் வைத்தார். தானாக வரிசைப்படுத்துவதை எடுத்தார், சேமிக்கும் ஏற்பாட்டுக்குச் சரி போட்டார். பிறகு விண்டோசை விட்டு முறைப்படி வெளியேறினார். கறுப்புத் திரையில் ஒரு எழுத்தும் சின்னக் கோடும் மட்டும் மின்னின. "இப்ப நிப்பாட்டுங்கோ" என்றார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நாங்கள் நாலு பேரும் திரைக்கு முன்னால் நின்றோம். செபநாயகம் சேரும் வந்திருந்தார். திரை வெளித்தது. கீரிமலை இடது மேல் மூலையில் இருந்தது. பலாலிக்குக் கீழே வசாவிளான்.

செபநாயகம் சேர் கை தட்டினார். யாகப்பு தட்டவில்லை. "அப்ப ஆறு மாசமும் குழப்பினது என்ரை கை. அந்தக் கிழவனைத் திருப்பி அனுப்பினதும் நான்தான்" என்றார்.

"இல்லை அண்ணை" என்றார் அக்கா. "இலக்கத்தைப் பாக்காமல் தட்டினது என்ரை விரல். ஒவ்வொரு படத்துக்கும் கீழை ஊரின்ரை பேரைப் போடலாம் எண்டு புத்தகத்திலை முதல் அத்தியாயத்திலேயே கிடக்கு. அதையும் நான் வாசிக்கேல்லை."

அன்றைக்கே இலக்கங்களை எடுத்துவிட்டு ஊர்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் போட்டார். அதற்குப் பிறகு, ஒரு பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் முப்பத்திநாலையும் திறந்து பார்க்காமல் அவர் ஒருவருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. வருகிறவர்களின் தங்குமிடத்தை எழுதாமல் அனுப்பியதும் இல்லை. பன்னிரண்டு மணிக்கு முடியாவிட்டால், "நாளைக்கு வாங்கோ, இண்டைக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்பார். சிலர் கோபித்தார்கள். அவர் மாறவில்லை.

1995 பங்குனியில் பூரணம் கந்தோருக்கு வந்தாள். கையில் ஒரு கடிதம். ஏரம்புவின் தம்பி மகன் எழுதியிருந்தான். மகளின் கடிதம் மார்கழியிலேயே கிழவர் கைக்குப் போயிருந்தது. அதை மூன்று பேரைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்டாராம். போர் நிறுத்தம் வந்ததும் சித்திரையில் யாழ்ப்பாணம் வருவதற்கென்று பேரப்பிள்ளைகளுக்கு உடுப்பெல்லாம் வாங்கி வைத்திருந்தாராம். மாசிக் கடைசியில் காய்ச்சல் வந்து நாலு நாளில் முடிந்துபோனார்.

அக்கா கடிதத்தை வாசித்து முடித்து மடித்தார். "நான் அண்டைக்குச் சரியாப் பாத்திருந்தால், உம்மடை பிள்ளையளை அவர் கண்டிருப்பார்" என்றார்.

"ஓம் அக்கா, கண்டிருப்பார்" என்றாள் பூரணம். அவள் அதை மறுக்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. பிறகு, "அவரின்ரை பேரை எங்கையாவது பதியவேணுமே?" என்று கேட்டாள்.

ஏரம்பு எங்கள் கிராமங்களைச் சேர்ந்தவர் அல்ல. பதிவதற்கு இடமில்லை. ஆனாலும் அக்கா தியாகலிங்கம் குடும்பத்தின் வரியைத் திறந்து, குறிப்பு எழுதும் இடத்தில், பூரணத்தின் தகப்பன் ஏரம்பு, 1994 ஆவணியில் மகளைத் தேடி வந்தவர், 1995 மாசியில் காலமானார் என்று எழுதினார். பூரணம் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

அந்த ஐப்பசியில் சண்டை நெருங்கி வர, நாங்கள் இருந்த வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு எழும்பியது. கொம்பியூட்டரைத் தூக்க வழியில்லை. முப்பத்திநாலு பட்டியல்களையும் பிளொப்பித் தட்டுகளில் எடுத்து, பொலித்தீனில் சுற்றி, அக்கா தன் சேலைகளுக்குள் வைத்துக்கொண்டார். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எங்களுக்குப் பதினொரு மணித்தியாலம் எடுத்தது. மழை விடாமல் பெய்தது.

கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. மூன்றாம் நாள் அக்கா எங்கிருந்தோ ஒரு மேசையும் நாலு கொப்பியும் தேடிக்கொண்டு வந்தார். சனம் வந்து சூழ்ந்துகொண்டது. ஒவ்வொருவரும் ஒரே நேரத்தில் ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டார்கள்.

"ஒராள் ஒராளாச் சொல்லுங்கோ" என்றார் அக்கா. "முதல் ஊரைச் சொல்லுங்கோ. பேந்து பேரைச் சொல்லுங்கோ."